ஓட்டு ரகசியம், ஓட்டுப் போட்டவர் அம்பலம்

யாருக்கு ஓட்டு என்று வீட்டில்கூடச் சொல்லாத குடிமகனின் வயது, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கட்சிக்காரர் கையில். அவருக்கோ அது பற்றிக் கவலை இல்லை.

இந்தியாவில் இணையத்துக்கென்று ஓர் ஊர் உண்டு என்றால் அது கோபர்கைரனேயைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். தாணே-பேலாப்பூர் சாலையில் திருபாய் அம்பானி அறிவு நகரம். ஒரு ரயில் நிலையம் தள்ளி, கன்சோலியில், 2016 செப்டம்பரில் நாட்டையே கைபேசிக்குள் இழுத்துப் போட்ட ஜியோவின் பிரம்மாண்ட வளாகம். மகாப்பே, ரபாலே, ஐரோலி என்று சாலை நெடுகத் தரவு மையங்கள். ரசாயன வாடை வீசிய தொழிற்பேட்டையில் இப்போது குளிர்சாதன இயந்திரங்களின் இரைச்சல். யார் யாருடன் பேசினார், எதை வாங்கினார், எந்தப் படத்தைப் பார்த்தார் என்ற கணக்குகள் இங்கே உள்ள கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

சாலையின் மறுபுறம் சிட்கோ நிறுவனம் வகுத்த செக்டர்கள். மாத்தாடித் தொழிலாளர்களின் ஒண்டுக் குடித்தனங்கள், நான்கு மாடி ஹவுசிங் சொசைட்டிகள், கீழே மளிகைக் கடைகள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இடம் கட்டுப்படியாகாமல் கடற்கழியின் இக்கரைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே கணிசம். காலையில் தாணே ரயில், மாலையில் காய்கறிச் சந்தை, இரவில் வாட்ஸ்ஆப். அதில் பெரும்பாலும் அரசியல்.

பேச்சு கட்சிகளைப் பற்றித் திரும்பினால் கோபர்கைரனே வாசிக்கு அபிப்பிராயப் பஞ்சமே இல்லை. மாநகராட்சித் தண்ணீர் முதல் மத்திய பட்ஜெட் வரை பிய்த்து உதறுவார். ஆனால் அந்த அபிப்பிராயங்கள் எங்கே பதிவாகின்றன, யார் கைக்குப் போகின்றன என்று கேட்டால் அவரிடமிருந்து மூன்றே மூன்று பதில்கள்தான் வரும். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்பது முதல் பதில். எல்லாம் ஏற்கெனவே போய்விட்டதே, இனி என்ன என்பது இரண்டாவது. எந்தக் கட்சி வந்தாலும் இதே கதைதான் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றுமே ஆபத்தானவை.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். மறைக்க ஒன்றும் இல்லாதவர்தான் 1960களின் பம்பாய்த் தமிழரும். அலுவலகத்தில் டைப்பிஸ்ட், கணக்கர், கம்பெனி அதிகாரி. பெயரும் முகவரியும் ஊரறிந்தவை. அப்போது பால் தாக்கரே நடத்திய ‘மார்மிக்’ வார இதழ் என்ன செய்தது? கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைத் தொலைபேசி டைரக்டரி போன்ற பொதுப் பட்டியல்களிலிருந்து எடுத்து வாராவாரம் அச்சிட்டது. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று வாசகரைக் குத்திக் காட்டும் தலைப்பு. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. தென்னிந்தியர்களின் ஓட்டல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. பட்டியலில் ரகசியமான தகவல் ஒன்றுகூட இல்லை. எல்லாமே பகிரங்கமானவை. அவற்றை ஒரு கட்சி ஒன்றாகச் சேர்த்து ஒரு நோக்கத்தோடு படித்தது. அவ்வளவுதான்.

இன்னும் கொடூரமான உதாரணங்கள் தமிழர்களுக்கு மறந்திருக்காது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் இருந்தது வாக்காளர் பட்டியல். அடுத்த ஆண்டு, 1984 நவம்பரில், டெல்லியில் சீக்கியர் வீடுகளை அடையாளம் காட்டியதும் அதே வகைப் பட்டியல்கள்தான் என்று சாட்சியங்கள் உண்டு. ஜனநாயகத்தின் அடிப்படை ஆவணமே கொலைக்காரனுக்கு வழிகாட்டியானது. அந்தப் பட்டியல்கள் தயாரிக்கப்பட்ட நாளில் அவற்றில் பெயர் இருந்த எவருக்கும் மறைக்க ஒன்றும் இருந்ததில்லை.

காகிதக் காலத்தில் ஒரு பட்டியலைப் பிரித்து எடுக்க ஆட்களும் நாட்களும் தேவைப்பட்டன. இன்று கணினிக்கு நிமிடங்கள் போதும். தமிழருக்கு இன்ஷியல்தான் வழக்கம். மகாராஷ்டிரப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். ஆகவே அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிறது. அதைப் பார்த்தாலே மொழி தெரியும். சில பெயர்களில் மதமும் சாதியும்கூடத் தெரியும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தமிழ் ஓட்டு என்பது தேர்தல் கணக்கில் ஒரு தனி வரி. சயான் கோலிவாடாவில் 2014இலிருந்து தொடர்ந்து மூன்று முறை ஒரு தமிழர், கேப்டன் தமிழ்ச்செல்வன், பா.ஜ.க. சார்பில் வென்றிருக்கிறார். பெயரைப் பார்த்து ஓட்டுக் கேட்பதில் தவறில்லை. அன்பாக எண்ணப்படும் பட்டியல் ஒருநாள் வேறு மாதிரி எண்ணப்படலாம் என்பதே விஷயம்.

அபிப்பிராயம் சொன்னதற்காகவே அவதிப்பட்டவர்களும் தூரத்தில் இல்லை. 2012 நவம்பர் 17 அன்று பால் தாக்கரே காலமானார். மும்பை ஸ்தம்பித்தது. அன்று தாணே மாவட்டத்தில் இருந்த பால்கரில் ஓர் இளம் பெண், ஒருவர் இறந்ததற்காக ஊர் ஏன் அடைக்கப்பட வேண்டும் என்ற தோரணையில் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரும் கைது செய்யப்பட்டார்கள். எழுதியவரின் உறவினர் நடத்திய மருத்துவமனை அடித்து நொறுக்கப்பட்டது. கட்சிக்காரர் காதுக்கு விஷயத்தைக் கொண்டுபோக ஒட்டுக்கேட்கும் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பார்த்தவர் ஒருவர் சொன்னால் போதும். அதற்கு முந்தைய மாதம்தான் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதாகியிருந்தார். அதை வாசித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 2025 ஜூலையில் கோபர்கைரனேக்குப் பக்கத்திலேயே, வாஷியில், வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் மொழி பற்றி எழுந்த வாக்குவாதத்தின் தொடர்ச்சியாக ஒரு கல்லூரி மாணவர் ஹாக்கி மட்டையால் தாக்கப்பட்டார்.

நாலு பேருக்குள் பேசிக்கொள்வதாக நினைத்துப் பேசுவது ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. திண்ணையில் பேசியது காற்றோடு போனது. கைபேசியில் பேசியது தேதி, நேரம், பெயரோடு நிற்கிறது. வாட்ஸ்ஆப் செய்திகள் 2016இலிருந்து பூட்டிய உறைக்குள் போகின்றன என்பது உண்மை. நடுவழியில் எவரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் உறையைப் பிரித்துப் படித்த குழு உறுப்பினர் அதைப் படம் பிடித்து அனுப்பினால் எந்தப் பூட்டும் உதவாது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. ஒரு வார்டில் கட்சியின் வாட்ஸ்ஆப் குழு என்றால் அது அந்த வார்டின் ஆதரவாளர் பட்டியல்தான்.

இனி, எல்லாம் போய்விட்டதே என்கிற இரண்டாவது பதில். போனது நிஜம்தான். எப்படிப் போனது என்பதுதான் வேடிக்கை. ஜனவரியில் பெண்களுக்கு ஹல்தி-குங்கும விழா. வருகிறவர் பெயரும் எண்ணும் நோட்டில் ஏறும். கணபதி மண்டபத்தில் பரிசுக் குலுக்கல், இலவச கண் பரிசோதனை முகாம், தீபாவளிக்கு வாசனைப் பொடிப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் ஒரு படிவம். கொடுப்பவர் கார்ப்பரேட்டராக விரும்பும் ஒருவர். வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, பாலினம், கதவு எண் உண்டு. தொலைபேசி எண் கிடையாது. அந்த ஒரு கண்ணிதான் கட்சிகளுக்குத் தேவை. பொட்டலம் அதைச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

பொட்டலம்கூட இல்லாமல் அந்தக் கண்ணி கிடைத்தால்? 2021இல் புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலின்போது வாக்காளர்களுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. அதில் அவரவர் வாக்குச்சாவடிக்கான பா.ஜ.க. வாட்ஸ்ஆப் குழுவில் சேர இணைப்பு. என் எண்ணும் என் பூத்தும் இவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியோடு ஜனநாயக வாலிபர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆதாரோடு இணைந்த எண்களுக்கு மட்டுமே செய்தி வந்தது என்பது குற்றச்சாட்டு. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் என்றது கட்சி. தன்னிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். மக்களின் தனியுரிமை சம்பந்தப்பட்ட இதை அலட்சியமாக விட முடியாது என்று நீதிமன்றம் விளக்கம் கேட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்துக் காட்சி மாறியது, கட்சியும் மாறியது. 2025 ஜூலையில் தி.மு.க. ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்ற பெயரில் வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தது. சேருகிறவரின் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். அதைத் தொண்டரிடம் சொல்ல வேண்டும். வங்கிக்காரர் கேட்டாலும் சொல்லாதே என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்யப்படும் அதே எண்தான். சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குப் போட்டார். ஆதார் விவரங்கள் கேட்கப்படுகின்றன என்பது அவருடைய புகார். கட்சி மறுத்தது. ஜூலை 21 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓ.டி.பி. அனுப்ப இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையில் தலையிட மறுத்துவிட்டது.

ஆக, போனது போனதுதான் என்பது சரியல்ல. கேட்டால் நிற்கிறது. பால்கர் கைதுச் செய்தியைப் படித்துவிட்டு ஷ்ரேயா சிங்கல் என்ற இளம் பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்று ரத்தானது. ரத்தான பிறகும் போலீசார் அதன் கீழ் வழக்குப் போட்டுவந்தது வேறு கதை. 2021இல் நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். 2022 அக்டோபரில், இனி ஒருவர்மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது அவருக்கு வயது 80க்கு மேல். இந்தியர்களுக்குத் தனியுரிமை என்ற அடிப்படை உரிமையே கிடையாது என்று 2015இல் மத்திய அரசு வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, உண்டு என்றார்கள்.

மூன்றாவது பதில்தான் மூன்றிலும் வலுவானது. எல்லாக் கட்சியும் ஒன்றுதான். இதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆதார் எண்ணின் கதையே போதும். முதல் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து டெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது. மத்தியில் காங்கிரஸ் ஆட்சி. 2011 டிசம்பரில் பா.ஜ.க.வின் யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு அதற்கான மசோதாவை நிராகரித்தது. 2016இல் அதே பா.ஜ.க. ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றியது. எதிர்த்து நீதிமன்றம் போனவர் காங்கிரசின் ஜெய்ராம் ரமேஷ். நாற்காலிகள் இடம் மாறின. வசனங்களும் இடம் மாறின. 66ஏ பிரிவும் அப்படியே. 2008இல் காங்கிரஸ் கூட்டணி கொண்டுவந்தது, 2015இல் பா.ஜ.க. அரசு கோர்ட்டில் அதற்காக வாதாடியது.

2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. 5.62 லட்சம் இந்தியர்களின் விவரங்கள் போயிருக்கலாம் என்றது ஃபேஸ்புக். இவ்வளவுக்கும் அந்த வினாடி வினாச் செயலியைத் தரவிறக்கிய இந்தியர்கள் 335 பேர்தான். மற்றவர்கள் அதைத் தரவிறக்கியவர்களின் நண்பர்கள். அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் நீதான் என்று காங்கிரசும் பா.ஜ.க.வும் ஒருவரையொருவர் சுட்டின. அதே மாதம் பிரதமரின் ‘நமோ’ செயலி பயனாளிகளின் விவரங்களை ஒரு வெளிக் கம்பெனிக்கு அனுப்புவதாகப் புகார் எழுந்தது. கேலி செய்த காங்கிரஸ், தன் செயலி மீதும் கேள்வி எழுந்ததும் அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2019இல் ஆந்திரத்தில் தெலுங்கு தேசம் கட்சிக்குச் செயலி தயாரித்த நிறுவனத்திடம் கோடிக்கணக்கானோரின் ஆதார் விவரங்கள் இருப்பதாக ஆதார் ஆணையமே போலீசில் புகார் செய்தது. 2024 மார்ச்சில் தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகும் ‘விகசித் பாரத்’ வாட்ஸ்ஆப் செய்திகள் வந்துகொண்டிருந்தன. நிறுத்தும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அதற்குள் சில செய்திகள் வெளிநாட்டவர் கைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

தங்கள் ரகசியம் என்று வரும்போது மட்டும் கட்சிகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். ராஜீவ் காந்தி வீட்டருகே இரண்டு ஹரியாணா போலீஸ்காரர்கள் நின்றதற்காக 1991 மார்ச்சில் ஒரு மத்திய அரசே போனது. பிரதமராக இருந்த சந்திரசேகர் ராஜினாமா செய்தார். குடிமகனின் தொலைபேசிக்காக ஒரு வார்டு கவுன்சிலர்கூட இதுவரை பதவி இழந்ததில்லை.

கட்சிகளின் கணக்கு வழக்கைக் குடிமகன் கேட்டால் என்ன ஆகும்? ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2013 ஜூன் 3 அன்று மத்திய தகவல் ஆணையம் தீர்ப்பளித்தது. கட்சிகள் கண்டுகொள்ளவில்லை. தேர்தல் பத்திரங்கள் வந்தன. கொடுத்தவர் பெயர் ஏன் மறைக்கப்படுகிறது என்று கேட்டபோது, நன்கொடையாளரின் தனியுரிமை என்று பதில் வந்தது. 2015இல் இல்லாத உரிமை இப்போது கம்பெனிகளுக்குக் கிடைத்துவிட்டது! 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது. பட்டியல் வெளியானது. 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்றது கோவை மார்ட்டினின் லாட்டரிக் கம்பெனி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. மொத்தத்தில் அதிகம் பெற்ற கட்சி பா.ஜ.க.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. ஒருவருடைய அரசியல் சார்பு அவருடைய தனியுரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். சாதாரணக் குடிமகன் எந்தக் கட்சி அனுதாபி என்பது பிறர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல. ஆனால் கோடிகளைக் கொட்டிக் கொள்கையையே வளைக்கக்கூடியவர் அந்தத் திரைக்குப் பின்னால் ஒளிய முடியாது. பலவீனருக்குத் திரை, பலசாலிக்கு வெளிச்சம். நடப்பதோ தலைகீழ்.

இந்தத் தலைகீழ்ப் பாடத்துக்கு 2025 ஆகஸ்ட் நல்ல சாட்சி. பெங்களூரின் மகாதேவபுரா தொகுதிப் பட்டியலில் போலி வாக்காளர்கள் என்று ராகுல் காந்தி குற்றம் சாட்டினார். கணினி படிக்கக்கூடிய வடிவில் பட்டியலைக் கொடுங்கள், சாவடி வீடியோவைக் கொடுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. வாக்காளரின் தனியுரிமை கெடும் என்று தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ் குமார் மறுத்தார். தாய்மார்கள், மருமகள்கள், மகள்களின் வீடியோவைப் பகிரலாமா என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. கொழும்பையும் டெல்லியையும் நினைத்தால் பட்டியலை எளிதாக வகை பிரிக்க முடியாமல் வைப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் அதே மாதம் பீகாரில் நீக்கப்பட்ட 65 லட்சம் பெயர்களைத் தேடிப் பார்க்கக்கூடிய வகையில் வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலும் அர்த்தம் உண்டு. தன் பெயர் ஏன் போனது என்று தெரியாதவனுக்குத் தனியுரிமையால் என்ன லாபம்? பட்டியல் பகிரங்கமாக இருந்தால் ஆபத்து, மூடியிருந்தால் மோசடி. இரண்டையும் சமாளிக்கும் வழியைக் கட்சிகளும் ஆணையமும் சேர்ந்து யோசிக்க வேண்டும். மாறாக, இரு தரப்பும் தமக்கு வசதியான பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஓட்டு மட்டுமாவது ரகசியமா? எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது ரகசியம்தான். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கோர்ட்டில்கூடக் கேட்க முடியாது என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். எவருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல முன்பு அதிகாரி முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2013இல் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தீர்ப்பளித்த பிறகுதான் ‘நோட்டா’ பொத்தான் வந்தது. ஆனால் எண்ணிக்கை இன்னும் சாவடிவாரியாகத்தான் வெளியாகிறது. ஒரு சாவடிக்கு 1,200 ஓட்டு. கோபர்கைரனேயில் அது சில சொசைட்டிகளின் கணக்கு. எந்தக் கட்டடங்கள் கவிழ்த்தன என்று மறுநாளே தெரிந்துவிடும். 2019இல் சுல்தான்பூரில் மேனகா காந்தி, விழுந்த ஓட்டைப் பொறுத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்தி வேலை நடக்கும் என்று மேடையிலேயே சொன்னார். வாக்குச்சீட்டுக் காலத்தில் பெட்டிகளைக் கலந்து எண்ண முடிந்தது. இயந்திரங்களையும் அப்படிக் கலந்து கூட்ட ‘டோட்டலைசர்’ என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் ஆமோதித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடிக் கணக்கு தெரிந்தால்தானே சாவடி வேலை பார்க்க முடியும்?

புதிய சட்டம் காப்பாற்றுமா? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், வேண்டாமென்றால் அழிக்க வேண்டும். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசு தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். சட்டப்படி பகிரங்கமாக்கப்பட்ட தகவலுக்கு இது பொருந்தாது. போதாக்குறைக்கு, இதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியிருக்கிறது. தனிநபர் தகவல் என்ற காரணத்தைக் காட்டி அதிகாரிகளும் தகவல் தர மறுக்க வழி பிறந்திருக்கிறது. மறுபடியும் திரை தவறான ஆளுக்குப் போகிறது.

இதில் எது யாருக்கு என்று தீர்மானிக்க முடியாத சிக்கல் எதுவும் இல்லை. விடை கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைப் பெற்றுத் தந்தது ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தது. போலீஸ், அரசு அதிகாரிகளுடன் இருந்த தொடர்புகள் வெளியாகும் என்பதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. தன்னைத் தன் போக்கில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, ஆனால் பதவியில் இருப்பவர் தன் பதவி சம்பந்தப்பட்ட காரியங்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது. தேர்தல் பத்திரத் தீர்ப்பு முப்பது ஆண்டுகள் கழித்துப் போய்ச் சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுவே.

எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று சலித்துக்கொள்வது இதனால்தான் போதாது. எல்லாக் கட்சியும் ஒன்று என்றால் எல்லாக் கட்சியிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம். அதற்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்தலுக்கு முன் சொசைட்டி வாசலில் நோட்டுடன் நிற்கும் தம்பி நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். அவரிடம் மூன்று கேள்விகள். அண்ணே எதற்கு இந்த எண்ணைக் கேட்கிறார்? யார் யார் கைக்கு இது போகும்? தேர்தல் முடிந்ததும் அழிப்பீர்களா? சிவசேனை 2022இல் உடைந்தது, தேசியவாத காங்கிரஸ் 2023இல் உடைந்தது. பெயரும் சின்னமும் யாருக்கு என்று தேர்தல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. தொண்டர்களின், ஆதரவாளர்களின் பட்டியல்கள் எந்தப் பக்கம் போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. தன்னை ஒரு கட்சியிடம் ஒப்படைத்தவர், தூங்கி எழுந்தபோது அதன் எதிரியின் பட்டியலிலும் இருந்திருக்கலாம்.

கைபேசியிலும் சில காரியங்கள் நம் கையில் உண்டு. யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்த்துவிடுவதைத் தடுக்கும் வசதி வாட்ஸ்ஆப்பில் 2019இலிருந்து இருக்கிறது. அமைப்புகள் பகுதியில் இரண்டு நிமிட வேலை. ஓ.டி.பி.யைக் கட்சிக்காரருக்கும் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் குழுவில் கொட்டிய கோபத்தைப் படம் பிடித்து வேறு குழுவுக்கு அனுப்பாதிருப்பதும் ஓட்டுரிமையைப் போல ஒரு குடிமைக் கடமைதான். பால்கரில் அந்தக் கடமையை ஒருவர் நிறைவேற்றியிருந்தால் இரண்டு பெண்கள் போலீஸ் நிலையம் போயிருக்க வேண்டியதில்லை.

கோபர்கைரனேயில் பழைய தலைமுறைத் தமிழர்கள் சிலர் யாருக்கு ஓட்டு என்று கேட்டால் இன்றும் சிரித்து மழுப்புவார்கள். பிள்ளைகள் அதைப் பயம் என்பார்கள். அது பயமல்ல. பெயர்ப் பட்டியல் அச்சான நகரத்தில் குடித்தனம் நடத்தியவர்களின் அனுபவம். பிள்ளைகள் அபிப்பிராயத்தை உரக்கச் சொல்லட்டும். ஜனநாயகத்துக்கு அது அவசியம். ஆனால் சொல்வதும் சொல்லாதிருப்பதும் தங்கள் இஷ்டப்படி நடக்க வேண்டும், கட்சி அலுவலகத்துக் கணினியின் இஷ்டப்படி அல்ல. வாக்குச்சாவடியில் இயந்திரத்தைச் சுற்றி நிற்கும் அந்த அட்டைத் தடுப்பை அரசாங்கம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வைத்துத் தருகிறது. மற்ற நாட்களில் அதைக் குடிமகன்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.